பிரஸ்ஸை நிறுத்தியதற்கு 3,15,000 ரூபாய்: ஊதியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நியமன, ஊதியக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒரகடத்தில் உலோகத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஆலையைப் பார்த்துக்கொள்பவன் எழுதுகிறேன்.

2025-26ஆம் ஆண்டுக்கான வேரியபிள் பே (மதிப்பெண்ணைப் பொறுத்து வரும் சம்பளப் பகுதி) கடிதம் ஜூன் முதல் வாரம் வந்தது. நூற்றுக்கு 31. எப்படி என்று ஹெச்.ஆரில் கேட்டேன். "சிஸ்டம் போடுறது சார், எங்க கையில இல்ல" என்றார்கள். என் மேலதிகாரியைக் கேட்டேன். "கமிட்டி அப்ரூவ் பண்ணது" என்றார். கமிட்டி என்றால் நீங்கள்தான். அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காதவர்கள் சம்பளத்தைப் பார்க்கட்டும் என்றுதான் கம்பெனிகள் சட்டம் உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது. அதனால் நேராக உங்களிடமே வருகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்த பிளான்ட் ஹெட் படித்தாலும் தன் கம்பெனி என்றுதான் நினைப்பார்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆலையில் முடிவாகாத எண்களை ஆலைத் தலைவனின் சம்பளத்தில் கட்டாதீர்கள்.

ஸ்கோர்கார்டு என்ற மதிப்பெண் தாள் உங்களுக்குத் தெரிந்ததே. எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் லாபம்) 40, டெலிவரி 25, செலவுக் குறைப்பு 20, தரம் 10, பாதுகாப்பு 5. எனக்குக் கிடைத்தது எபிட்டாவில் பூஜ்யம், டெலிவரியில் பூஜ்யம், செலவுக் குறைப்பில் 16, தரத்தில் 10, பாதுகாப்பில் 5. டெலிவரிக்கு ஏன் பூஜ்யம் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2025 ஆகஸ்டில் 400 டன் பிரஸ் ஒன்றில் லைட் கர்ட்டன் போய்விட்டது. ஆபரேட்டரின் கை டைக்குள், அதாவது அச்சுக்குள், இருக்கும்போது மேலிருக்கும் ராம் இறங்காமல் பிடிப்பது அதுதான். அதன் ஒளியை வாங்கும் ரிசீவரை மாற்ற வேண்டும். கையிருப்பில் இல்லை. முன்பு இருந்தது, கிரிட்டிகல் ஸ்பேர் (கட்டாயம் கையிருப்பில் வேண்டிய மாற்றுப் பாகங்கள்) பட்டியலில் ஆண்டுதோறும் வைத்திருந்தோம். ஸ்டோர்ஸில் பணம் முடங்கிக் கிடக்கிறது என்று தலைமை அலுவலகம் அந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டியது. அதன் பிறகு இரண்டு லட்சத்துக்கு மேல் எந்த இண்டெண்ட் (வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கை) போனாலும் சென்ட்ரல் பர்ச்சேஸில் மூன்று கையெழுத்து வேண்டும். ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய பாகம். இங்கே கையெழுத்து வாங்க ஆன நாள், அது கடல் தாண்டி வர ஆன நாளைவிட அதிகம்.

இதற்கிடையில் பாகம் வராவிட்டால் எங்கள் உற்பத்தி லைன் நிற்கும் என்று வாடிக்கையாளரிடமிருந்து மிரட்டல். மெயின்டனன்ஸ் பையன் ஒரு வயரைக் காட்டி, "இதை ஜம்பர் பண்ணிட்டா ஓடும் சார்" என்றான். லைட் கர்ட்டனைத் தாண்டி வயரை இணைத்துவிடுவதுதான் ஜம்பர். உண்மைதான், ஓடும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில், "ஒரு ஷிஃப்ட்தானே, பைபாஸ் பண்ணி ஓட்டுங்க, பார்த்துக்கலாம்" என்றார். மெயிலில் போடுங்கள் என்றேன். மெயில் வரவில்லை.

பிரஸ்ஸை நிறுத்தினேன். டையை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டு, முடிந்தவரை அனுப்பினோம். போதவில்லை. டெலிவரி ரேட்டிங் இறங்கியது. இறங்கியதை அந்தக் காலாண்டில் தூக்கி நிறுத்த முடியவில்லை. ஆண்டு முடிவில் மொத்தமாகப் பூஜ்யம்.

இப்போது ரூபாயில் பார்ப்போம். என் வேரியபிள் 12,60,000. ஆண்டு முழுக்க ஒரு விபத்துகூட இல்லாததற்கு 5 சதவீதம், அதாவது 63,000 கொடுத்தீர்கள். நன்றி. விபத்து நடக்காமல் இருக்க பிரஸ்ஸை நிறுத்தியதற்கு 25 சதவீதம், 3,15,000 எடுத்துக்கொண்டீர்கள். இந்தக் கணக்கைப் பார்க்கும் அடுத்த பிளான்ட் ஹெட் அந்த வயரை என்ன செய்வார்?

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதே ஆண்டில் ஸ்பேர் ஸ்டாக்கைக் குறைத்ததற்காக பர்ச்சேஸ் தலைவருக்கு இன்வென்ட்டரி இலக்கில் முழு மதிப்பெண் என்று கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர். உங்கள் தாளில் எழுதியிருந்ததைச் செய்தார். ஸ்டோர்ஸில் ரிசீவர் இல்லாததற்கு அவருக்குப் பரிசு, அதே ரிசீவர் இல்லாததற்கு எனக்குத் தண்டனை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தார்களா?

பொறுப்பு யாருக்கு என்று வந்தால் மட்டும் அரசாங்கத்துக்குக் குழப்பமே இல்லை. அப்போது நடப்பில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 92ஆம் பிரிவில் விதிமீறலுக்கு ஆக்குபையரும் (ஆலைக்குச் சட்டப்படி இறுதிப் பொறுப்பாளர்) மேனேஜரும் தனித்தனியே குற்றவாளிகள். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேனேஜர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர். ஆக்குபையர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் போர்டில் உள்ள ஒரு இயக்குநரின் பெயர். அந்த ஆகஸ்டில் நான் அந்த வயரை ஜம்பர் பண்ணவிட்டு ஒரு பையனின் விரல் போயிருந்தால், தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி முதலில் எங்கள் இருவரையும்தான் தேடியிருப்பார். போனில் பேசியவரை அல்ல. இது சும்மா பயமுறுத்தலும் இல்லை. மானேசர், குருகிராம் பக்கத்து வாகன உதிரிபாக ஆலைகளில் பவர் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை போட்டு வருகிறது. படித்துப் பாருங்கள்.

எபிட்டாவுக்கு வருகிறேன். வாடிக்கையாளருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு விலை குறைப்பது என்பதை மார்க்கெட்டிங் பேசுகிறது. ஸ்டீல் விலையை பர்ச்சேஸ் பேசுகிறது. ஏறிய விலை வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வர ஒரு காலாண்டு தள்ளிப்போகிறது. தலைமை அலுவலகத்தின் வாடகை, வக்கீல் செலவு, விமான டிக்கெட் எல்லாம் கார்ப்பரேட் ஓவர்ஹெட் என்ற பெயரில் விற்பனை விகிதப்படி எங்கள் தலையில் இறங்குகிறது. மின் கட்டணம் 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது, 2025 ஜூலையில் 3.16 சதவீதம். மார்ச்சில் பட்ஜெட் போட்டு முடித்தபின் ஜூலையில் ஏறுவதற்கு நான் என்ன செய்ய? பீக் ஹவருக்கு 25 சதவீதம் கூடுதல் என்பதால் கம்ப்ரஸர் ஓடும் நேரத்தை மாற்றினோம், அது எங்கள் வேலை. ஒரு டன் பாகத்துக்கு எத்தனை யூனிட் செலவானது என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன். யூனிட் என்ன விலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்கிராப், ரீவொர்க், டை மாற்றும் நேரம், மெஷின் நிற்கும் நேரம், ஆள் வருகை, வாடிக்கையாளருக்குப் போன பழுதான பாகம்: இவை என் கையில் இருப்பவை. இவற்றின்மேல் எவ்வளவு கடுமையான இலக்கு வேண்டுமானாலும் வையுங்கள். எட்டாவிட்டால் வெட்டுங்கள், முணுமுணுக்க மாட்டேன்.

சம்பளம் என்று பேசும்போது தொகையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பூசி மெழுகியதாகிவிடும். என் சிடிசி, அதாவது எனக்காக ஆண்டுக்குக் கம்பெனி காட்டும் மொத்தச் செலவு, 42 லட்சம். சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் 12.60 லட்சம் மேலே சொன்ன வேரியபிள். மீதி 29.40 லட்சத்துக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 1,72,800-ம், கிராச்சுவிட்டி என்று 69,264-ம் இருக்கிறது. கிராச்சுவிட்டி என்பது வேலையை விட்டுப் போகும்போது சட்டப்படி வர வேண்டியது. அதை ஆண்டுதோறும் சம்பளம் என்று காட்டுவது நல்ல சாமர்த்தியம். என் பங்கு பி.எஃப்., வருமான வரி எல்லாம் போக மாதம் கையில் வருவது 1,78,000 சொச்சம். இதை வறுமை என்று யாரும் சொல்லப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. என் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவன் என்ன வாங்குகிறான் என்று எனக்குத் தெரியும், அவனுடைய கேட் பாஸில் என் கையெழுத்துதான் இருக்கிறது. தொகை போதவில்லை என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கொடுக்கிறீர்கள், எதற்கு வெட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

"மார்க்கெட் மீடியன் கொடுக்கிறோம்" என்று, அதாவது இதே பதவிக்கு வெளியே கொடுக்கும் சம்பளங்களில் நடுவில் இருப்பதைக் கொடுக்கிறோம் என்று, கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த மார்க்கெட் என்று போடவில்லை. முந்நூறு பேர் ஆலைக்கும் ஆயிரத்தைந்நூறு பேர் ஆலைக்கும் ஒரே மீடியனா? மருந்து ஆலைத் தலைவரும் பிரஸ் பாக ஆலைத் தலைவரும் ஒரே பட்டியலா? கன்சல்டண்டின் எக்செல் தாளில் எல்லோரும் "பிளான்ட் ஹெட்" என்ற ஒரே வரிசையில் நிற்கிறோம். வெளியே நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதலாளி குடும்பமா, வெளிநாட்டுக் கம்பெனியா, வாடிக்கையாளர் யார், லாபநட்டக் கணக்கு உன் கையில் இருக்கிறதா, எந்தக் காலேஜ், இவையெல்லாம் சேர்ந்துதான் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேல், வெளியிலிருந்து தாவி வந்தவரா, உள்ளேயே வளர்ந்தவரா என்பது. டிப்ளமோ முடித்து டூல் ரூமில் சேர்ந்து இந்த நாற்காலிக்கு வந்தவனுக்கு ஆண்டுதோறும் இன்க்ரிமென்ட். பக்கத்துக் கம்பெனியிலிருந்து போன வருடம் வந்தவருக்குத் தாவல் விலை. விசுவாசத்துக்கு என்ன மதிப்பெண் என்று ஸ்கோர்கார்டில் தேடினேன், கட்டம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. யூனியனோடு சம்பள ஒப்பந்தம் பேசும்போது நிர்வாகத்தின் பக்கம் முதல் நாற்காலி எனக்கு. தொழிலாளர்கள் கேட்கிறார்கள், நாம் மறுக்கிறோம், அவர்கள் எழுந்து போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். கடைசியில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறோம். எந்த உற்பத்திக்கு எவ்வளவு இன்சென்டிவ் என்று வரி வரியாக இருக்கும். மெஷின் பழுதாலோ பொருள் வராமலோ நின்ற நேரத்தை அவர்கள் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்ற வரியும் அதில் உண்டு. யூனியன் தலைவர் மேசையைத் தட்டி வாங்கிய வரி அது. நியாயமான வரி, நானே ஒப்புக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு மேசை இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் தொழிலாளி இல்லை, லேபர் கோர்ட்டுக்கும் போக முடியாது. எனக்குக் கடிதம் பிடிஎஃப்பாக வரும், பாஸ்வேர்டு பிறந்த தேதி, அவ்வளவுதான்.

எம்.டி.யின் கமிஷன் முழுக் கம்பெனியின் நிகர லாபத்தில் கணக்கிடப்படுகிறது. அவர் ஊதியம் ஊழியர்களின் மீடியன் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் போட வேண்டும் என்பது விதி, நீங்களும் ஒழுங்காகப் போடுகிறீர்கள். அந்தப் பக்கத்தை ஆண்டுதோறும் ஆர்வத்தோடு படிக்கிறேன். ஓர் ஆலையில் ஒரு ரிசீவர் வராததற்காக அந்த மடங்கு குறைந்ததாக இதுவரை பார்த்ததில்லை.

சரி, இது வம்புப் பேச்சு, விட்டுவிடுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

ஊதியத்துக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக இருக்க வேண்டும் என்று உங்கள் குழுவுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகள் சட்டத்தின் அதே 178ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தெளிவைத்தான் கேட்கிறேன். ஆலையில் முடிவாகாத எண்களை ஆலைத் தலைவனின் சம்பளத்தில் கட்டாதீர்கள். எபிட்டா வேண்டும் என்றால், ஆலை கட்டுப்படுத்தும் செலவை மட்டும் வைத்து, ஸ்டீல், மின் கட்டணம், விலைக் குறைப்பு, கார்ப்பரேட் ஓவர்ஹெட் நான்கையும் பட்ஜெட் விலையிலேயே நிறுத்திக் கணக்கிடுங்கள். பாதுகாப்புக் கருவி பழுதானதால் எழுத்தில் பதிவுசெய்து நிறுத்திய மெஷின் நேரத்தை டெலிவரி மதிப்பெண்ணிலிருந்து கழியுங்கள். யூனியனுக்குக் கொடுத்த அதே வரிதான். ஒரு கருவி கையிருப்பில் இல்லாததற்கு இரண்டு பேருக்கு எதிரெதிர் மதிப்பெண் வராதபடி பர்ச்சேஸ் தாளையும் ஆலைத் தாளையும் ஒன்றாக வைத்து ஒப்புதல் கொடுங்கள்.

இண்டெண்ட் போட்ட தேதி, ஒவ்வொரு கையெழுத்தும் விழுந்த தேதி, பிரஸ்ஸுக்கு டேக் போட்டு நிறுத்திய பதிவு, வாடிக்கையாளரின் மெயில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் காலாண்டுக் கணக்குக்காகக் கூடும் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால் நடப்பு ஆண்டு ஸ்கோர்கார்டையாவது திருத்த நேரம் இருக்கும். போன ஆண்டின் 3,15,000-ஐப் பற்றி என்ன முடிவு செய்தாலும் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலைத் தலைவர், ஒரகடம்