நடுவில் மட்டும் கருகுவது ஏன்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பால் காய்ச்சும்போதெல்லாம் அடியில் வட்டமாகக் கருகுகிறது என்று எழுதியிருந்தாய். தப்பு உன் மேல் இல்லை, அந்த மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தின் மேல்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது, பளபளக்கும். சூட்டைக் கடத்துவதில் மட்டும் படு சோம்பேறி. கடத்துதிறன் கணக்கில் அதற்கு 16 என்றால் வார்ப்பிரும்புக்கு 50 சொச்சம், அலுமினியத்துக்கு 230க்கு மேல், செம்புக்கு 400. உன் பாத்திரத்தில் சூடு பக்கவாட்டில் பரவ வழியில்லை. பிறந்த இடத்திலேயே நேரே மேலே ஏறுகிறது. அங்கே பாலின் புரதம் படிந்து ஒட்டும். அந்தப் படலம் எவர்சில்வரைவிட மோசமான கடத்தி. சூடு பாலுக்குப் போய்ச் சேராமல் அடியிலேயே தேங்க, படலம் தீய்ந்துவிடும். கரண்டி அடியை உரசுகிற மாதிரி கிண்டு. மேலாகக் கலக்குவது வீண்.

புதிதாக வாங்கினால் மூன்றடுக்குப் பாத்திரம் வாங்கு: உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டுகிற எஃகு. மொத்தக் கனம் 2.5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கடைக்கு ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துப் போ. அடியில் ஒட்டாத பாத்திரத்தை உன் இண்டக்‌ஷன் அடுப்பு கண்டுகொள்ளாது.

தோசைக்கல் விஷயம் வேறு. இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அது இருக்கும் இடத்துக்கு மேலேதான் கல் சூடாகும். ஓரத்துக்குச் சூடு இரும்பு வழியாக நடந்துதான் போகவேண்டும். எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தால் நடு தீயும், ஓரம் வெந்திருக்காது. கல் விரிசல் விட்டாலும் ஆச்சரியமில்லை. குறைந்த சூட்டில் 7, 8 நிமிடம் விடு. பிறகு நடுவிலும் ஓரத்திலும் தண்ணீர் தெளித்துப் பார். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி 'சுர்' என்றால் மாவை ஊற்று. அகலமான கல் மேல் ஆசைப்படாதே. சுருளைவிட இரண்டு விரல் பெரிதாக இருந்தால் போதும்.

இன்னொன்று. பாத்திரத்தை இறக்க ஈரத் துணியை எடுக்காதே. காய்ந்த துணி கையைக் காப்பது நூலுக்குள் அடைந்திருக்கும் காற்றால். நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அது காற்றைப்போல 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பிடித்த இரண்டாவது நொடியில் கை பொத்துவிடும், பாத்திரத்தை நடுவழியில் கீழே வைக்கவும் முடியாது. துணியை நாலாக மடித்து, அடுப்புக்குத் தள்ளி, சிங்க்கின் ஈரம் படாத ஆணியில் மாட்டி வை.

அன்புடன்,
அப்பா