மின்சாரம் போனால் அழைப்பும் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு பெற்றபின் பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டிலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டிலும் மாறி மாறி இருக்கிறோம். இணையவழி இயங்கும் எங்கள் பினாங்குத் தொலைபேசி எண்ணுக்கு (04) வரும் அழைப்புகளைக் கோலாலம்பூருக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். பினாங்கில் இடி இடித்து மின்சாரம் போனால் போச்சு, ஒரு அழைப்பும் வராது! திருப்பிவிடும் வேலையை வீட்டிலுள்ள இணையத் தொலைபேசிக் கருவியே செய்வதுதான் காரணம். அதைத் தொலைபேசி நிறுவனத்தின் சர்வரிலேயே அமைத்தால், வீட்டு மோடம் அணைந்து கிடந்தாலும் அழைப்பு வந்துசேரும். இதை விற்கும்போதே சொன்னால் என்ன? பழைய செம்புக்கம்பி தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது; என் மனைவி இன்னும் அதன் புகழைத்தான் பாடுகிறாள்.

அப்புறம், அவசர உதவி எண் 999. கருவியைக் கையோடு கோலாலம்பூருக்குக் கொண்டுவருபவர்கள் கவனிக்கவும்: அந்த எண்ணுக்கான பதிவில் பினாங்கு முகவரியே இருக்கலாம். 999-ஐ அழைத்தால், இருக்கும் இடத்தை முதலில் வாயால் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு