எங்கள் நினைவுத் தோட்டத்தில் கை வைத்த எல்லோருக்கும்

வணக்கம்.

இந்த மடலை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

2021-இல், கொரோனா சமயத்தில், அம்மா போனபோது கூட நிற்க நாலு பேர் இல்லை. நம் குடியிருப்பில் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான். அப்புறம் எல்லோரும் வெளியே வர ஆரம்பித்தபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தயங்கினோம். அப்போதுதான் பின்பக்கம் கட்டிட இடிபாடு கொட்டிக்கிடந்த இடத்தைக் காட்டி, "போனவங்க பேரில் இங்கே ஆளுக்கொரு செடி வைப்போமா?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள்.

வாரக்கணக்கில் கல்லும் கம்பியும் பொறுக்கியவர்களுக்கு நன்றி. கடப்பாரை பிடித்துக் கை கொப்பளித்த தம்பிகளுக்கு, கோடையில் ஒரு நாள் விடாமல் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு, பெயர்ப்பலகை எழுதிய பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றி.

ஓய்வு பெற்ற செவிலியர் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னது நீங்கள்தான். பித்தப்பை அறுவை சிகிச்சை ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டதாம். அதைக் கேட்டுத்தான் செம்பருத்தி வரிசையைத் தரைத்தளத்துத் தாத்தாவின் ஜன்னலுக்கு நேராக வைத்தோம். படுத்த படுக்கையாக இருந்தவர், கடைசி மாதங்களில் காலையில் முதல் வேலையாக, இன்றைக்கு எத்தனை பூ என்று எண்ணிச் சொல்வார்.

இனி என் பவழமல்லிக் கதை. அம்மா பேரில் நான் வைத்த செடி இரண்டே மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாகிவிட்டது. ஆழமாக நட்டிருக்கிறேன், தண்டைச் சுற்றி மண் மூடி, தண்ணீர் தேங்கியிருக்கிறது. இதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று அன்றைக்கு அழுத அழுகை அம்மா போன அன்றுகூட நான் அழுததில்லை. பிடுங்கப் போன என் கையைத் தோட்டக்கார ஐயா பிடித்தீர்கள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினீர்கள். உள்ளே பச்சை. "உயிர் இருக்கும்மா. அவசரப்படாதே" என்றீர்கள். வேர் தொடங்கும் இடம் தெரியும் வரை மண்ணைத் தள்ளி, காய்ந்த சருகைத் தண்டில் படாமல் சுற்றிப் பரப்பினீர்கள். மூன்று வாரம் கழித்து அடித்தண்டில் அரிசி அளவுக்கு ஒரு துளிர்.

அந்த வாரம் பலகை எழுத வந்த பெண் ஒன்று சொன்னாள். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்த மரங்களில் பல, கருகிய பிறகும் துளிர்த்தன. இன்றும் பெயர்ப்பலகை வைத்துக் காக்கிறார்கள். அவற்றின் விதைகள் பல நாடுகளில் முளைத்திருக்கின்றன. எரிந்த ஊரில் அந்த முதல் இலையைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிந்தது.

அக்கா, தம்பி, ஐயா, எல்லோரும் கேளுங்கள்: "மனசைத் தேற்றிக்கொள்" என்று நீங்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. கையில் களைக்கொத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். களை பறித்துக்கொண்டே அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், நீங்களும் உங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பவழமல்லி இப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டது. ராத்திரி மலர்ந்து, விடியும்போது கொட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாச் செடிக்கும் உரம் வைக்கிறோம் இல்லையா, கொஞ்சம் முன்னாலேயே வாருங்கள். நீங்கள் வரும்வரை நான் பெருக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பவழமல்லிச் செடிக்காரி