மந்திரிக்கு, பீப்பாய் விஷயமாக

அன்புள்ள மந்திரி,

இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் கடிதங்களுக்குப் பதில் பாக்கி என்பதை நீ நினைவூட்ட வேண்டாம், அவளே தினமும் நினைவூட்டுகிறாள்.

இன்று பேனாவை எடுக்க வைத்தவர் வாத்தியார். நீ பிளாஸ்டிக் பீப்பாயில் ஓட்டை போட்டு, கெட்டிலின் மூக்கில் குழாயைச் செருகி, உன் குதிரை கருப்பிக்குக் காய்ந்த புல்லை ஆவியில் வேகவைக்கிறாய் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் படகு விவகாரத்துக்குப் பிறகும் உனக்குப் பீப்பாய் மேல் ஆசை தீரவில்லையே!

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. புல்கட்டின் நடுவில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தாயா? வாத்தியாரைக் கேட்டதற்கு, “கை வைத்தால் சுடுகிறது என்றான்” என்றார். கைக்கு என்ன தெரியும்? வெளிப்புறம் சுடும்போதே நடுப்பகுதி வெதுவெதுப்பாக மட்டும் இருக்கலாம். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்தான். அதைக் கொல்லப் போய் நீயே அடைகாத்துக் கொடுக்கிறாய். இந்த ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும். மீதியெல்லாம் வழக்கம்போல நான் நீட்டி முழக்குவது.

முழக்குகிறேன்.

கருப்பிக்குச் சளி என்று எழுதியிருந்தாய். ஓட்டத் தொடங்கும்போது இருமல், தீனி தின்னும்போது இருமல், காய்ச்சல் கிடையாது, மேய்ச்சலில் விட்டால் குறைகிறது. எனக்கு இது சளியாகப் படவில்லை. செம்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குதிரை ஆஸ்துமா என்றார். முக்கியக் காரணம் புல்லில் இருக்கும் தூசியும் பூஞ்சை வித்துகளும்தான். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது. மூக்கு ஒன்றுதான் வழி. அந்த மூக்கைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டுதான் அது மணிக்கணக்கில் தின்கிறது.

ஒரு பிடி காய்ந்த புல்லை எடுத்து, லாயத்துக்குள் விழும் வெயில் கீற்றில் உதறிப் பார். சுழன்று பறப்பது பெரிய தூசி. பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். அது அடங்கி, கீற்று தெளிந்துவிட்டது என்று நீ நினைக்கும்போதும் 5 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கு, குறைந்த துகள்கள் மிதந்துகொண்டுதான் இருக்கும். நுரையீரலின் அடிவரை இறங்குவது அவைதான். பூசணம் பிடித்த புல்லோடு புழங்கும் மனிதர்களுக்கு ‘விவசாயி நுரையீரல்’ என்று ஒரு நோய் வருகிறதே, அதற்கும் இதே கூட்டத்து நுண்ணுயிர்கள்தான் காரணம். ஆகவே நீயும் முகக்கவசம் போட்டுக்கொண்டு உதறு. மீசை கசங்கினால் பரவாயில்லை.

தண்ணீரில் ஊறவைத்தால் போதாதா என்று தங்கச்சி கேட்டாளாம். நல்ல கேள்வி, உன்னைவிட அவள்தான் யோசிக்கிறாள். இங்கிலாந்தின் ராயல் வேளாண் பல்கலைக்கழகத்தில் மெரியல் மூர்-கோல்யர் என்பவர் பல ஆண்டுகளாக இதைச் சோதித்தவர். ஊறவைத்தால் தூசி அடங்குகிறது, ஆனால் பாக்டீரியா பெருகுகிறது. சர்க்கரையும் தாதுச் சத்தும் தண்ணீரோடு போய்விடுகின்றன. முறையாக ஆவி ஏற்றினால் தூசியும் குறைகிறது, நுண்ணுயிரும் குறைகிறது, சத்தும் பெரும்பாலும் தங்குகிறது. குளம்பு நோய்க்காகச் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய குதிரை என்றால் ஆவி மட்டும் போதாது. முதலில் ஊறவைத்துப் பிறகு ஆவி ஏற்றுவார்கள். கருப்பிக்கு அந்தத் தொல்லை இல்லை, உடம்பைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, அவ்வளவுதான். உனக்கும் அதையே சொல்வேன்.

‘முறையாக’ என்றேனே, அங்கேதான் உன் கெட்டில் தோற்கிறது. இதற்கென்றே செய்த பெட்டிகளில் ஆவி வரும் கூர்முனைகள் கட்டின் நடுவிலேயே குத்தி நிற்கும், சுவர்களும் சூடு போகாத மாதிரி இருக்கும். அப்படியும் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். உன் கெட்டிலோ கொதித்ததும் தானே அணைந்துவிடும். பீப்பாயை வைத்துத்தான் தீருவேன் என்றால், நீண்ட கம்பியுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கி, கட்டின் நட்ட நடுவிலும் மூலைகளிலும் குத்திப் பார். எல்லா இடத்திலும் கொதிநிலையை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையா, அந்தப் பீப்பாயைத் துணி ஊறவைக்கக் கொடுத்துவிடு.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். மூடியை இறுக்கிக் கட்டாதே. ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். திறக்கும்போது மூடியை உன் பக்கமாகத் தூக்காமல் எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திற. ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தன்னிடமுள்ள வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும், அதனால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். கெட்டில் அணையாமலிருக்க ஏதாவது வித்தை செய்து தண்ணீர் வற்றினால் அது கருகும், பக்கத்திலேயே காய்ந்த புல் குவிந்திருக்கிறது. ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட ஒயரை இழுத்துப் போட்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும், உன்னை நேற்றா பார்க்கிறேன்? அதை இன்றே மாற்று. புல்லை ஆறவைத்த பிறகு கருப்பிக்குப் போடு. ஆவி ஏற்றியதை அன்றன்றைக்கே தீர்த்துவிடு, ஈரமாகச் சேர்த்து வைத்தால் மறுபடி பூசணம் பூக்கும்.

கெட்ட புல்லை ஆவி நல்லதாக்காது. பூஞ்சை செத்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சுகளில் பல சூட்டுக்கு மசியாதவை. கட்டைப் பிரிக்கும்போது சாம்பல் நிறத் திட்டு, மக்கிய வாடை, செத்த எலி என்று எதைக் கண்டாலும் தூக்கி எறி. கஞ்சத்தனத்தை வேறெங்காவது காட்டு.

புல் சரியானாலும் லாயம் சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். கருப்பி உள்ளே நிற்கும்போது பெருக்காதே. புல்லை வலையில் உயரத் தொங்கவிட்டால் அவள் தூசியை இன்னும் நெருக்கமாகச் சுவாசிப்பாள், தரையில் போடு. தலை தாழ்ந்தால் மூச்சுக்குழாய்ச் சளியும் தானே வடியும். பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் கிழவனுக்கும் அதே புல்லைக் கொடு, அவன் உதறுவது இவள் மூக்குக்குத்தான் வரும். முடிந்தவரை வெளியே விடு. எந்தப் பெட்டியும் திறந்த மேய்ச்சலுக்கு ஈடாகாது.

மருத்துவரை எப்படியும் கூப்பிடு. அதற்கு முன், கருப்பி ஓய்வாக நிற்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணு. நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இயல்பு. அதற்கு மேலே போய், மூக்குத்துளை விரிந்து, மூச்சை வெளியே விட வயிற்றை எக்குகிறாள் என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே அவரை வரவழை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் மூச்சுக் கணக்கையும் கட்டின் நடுவில் ஏறிய சூட்டையும் மறு தபாலில் எழுது.

உன்,
குட்டை