மாமனார் துப்பாக்கிக்கு எண்ணெய் போதும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமனாருடைய பழைய வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டையைப் புதுப்பிப்பது எப்படி என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிட்டு மீதியை உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் செய்து பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்கிறாயே, அது வேண்டாம். லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது. உள்ளே குண்டு இல்லை என்று அவரே பார்த்து, போல்ட்டை, அதாவது குண்டை உள்ளே தள்ளுகிற இரும்புத் தண்டை, உருவி வைத்துவிட்டு, மரக்கட்டையை மட்டும் கழற்றி உன் கையில் தரட்டும். அவரிடம் இதையும் சொல்: முன்கட்டையை எடுத்த பிறகுதான் பின்கட்டைக்குள் ஓடுகிற இன்னொரு நீள போல்ட்டைத் திருகிக் கழற்ற வேண்டும். முன்கட்டை இருக்கும்போதே திருகினால் இந்த ஜாதித் துப்பாக்கிகளில் சிலவற்றில் அது பிளந்துபோகும். இரும்புப் பக்கம் நீ போகவே வேண்டாம்.

லாங் பிராஞ்ச் என்று இரும்பில் வெட்டியிருப்பதைப் பார்த்ததும் உன் அண்ணன் யூடியூபில் தேடிக் காட்டினான். டொரண்டோ பக்கத்தில் இருந்த தொழிற்சாலை. 1941இலிருந்து ராணுவத்துக்கு லீ-என்ஃபீல்டு என்கிற .303 ரக ரைபிளைச் செய்திருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் மிச்சத்தை மலிவாகத் தள்ளிவிட, வாங்கினவர்கள் குழலை மூடியிருந்த மரத்தைப் பாதியில் அறுத்து, எடையைக் குறைத்து, மூஸ் என்கிற அந்தப் பெரிய மானைச் சுடக் கொண்டுபோயிருக்கிறார்கள். உன் மாமனாருடையதும் அப்படி அறுத்ததுதான். அறுத்த முனையை உருட்டியிருக்கிற நேர்த்தியைப் பார்த்தால் கைவேலை தெரிந்தவர் என்றே படுகிறது. 1947இல் ஆரம்பித்த கனடா ரேஞ்சர் படைக்காரர்கள் வடக்கே பனிக்காட்டில் அண்மைக்காலம் வரை இதே ரகத்தைத்தான் தோளில் மாட்டியிருந்தார்களாம். ஆகவே கட்டை தாங்குமா என்று கவலைப்படாதே.

எனக்கும் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. வால்பாறை எஸ்டேட் பங்களாக்களில் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடப் போன காலத்தில், சுவரில் மாட்டியிருந்த .315 ரைபிளின் கட்டைகளையும் கொடுப்பார்கள். வங்காளத்தில் இஷாப்பூரில் செய்தவை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அவற்றுக்கு வேட்டை வேலை ஏது? தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான். துப்பாக்கி எனக்கு எப்போதுமே பிடிக்காத சாமான். ஆனால் அந்தக் கட்டைகளின் மரம்! அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். புதுசு மாதிரி ஆக்க வேண்டும் என்கிறாய். ஆக்காதே. மாப்பிள்ளையின் அப்பா வைத்திருந்ததுபோல் ஆக்கு. மேலே மஞ்சளாகத் தோல் உரிகிறதே, அது பின்னால் யாரோ பூசிய வார்னிஷ். அதை எடுப்பது மட்டும்தான் உன் வேலை. கடையில் பெயிண்ட் ரிமூவர் வாங்கிக் கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தடவு. தோல் சுருங்கி எழும்பியதும் மரச்சீவல், பழைய டூத்பிரஷ் கொண்டு வழித்தெடு. கத்தியால் சுரண்டாதே. சிலர் அடுப்புக் கழுவுகிற காரத்தை ஊற்றுகிறார்கள், இன்னும் சிலர் பாத்திரம் கழுவுகிற மெஷினிலேயே வைத்துவிடுகிறார்களாம். காரம் நாரைத் தின்றுவிடும், வெந்நீர் மரத்தை வளைத்துவிடும்.

பிடிக்கிற இடத்தில் கருப்பாக இருப்பது துப்பாக்கி எண்ணெய் இறங்கினது. சாக்கட்டிப் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிடு. பொடி பழுப்பாகி வரும். இரண்டு மூன்று முறை செய்து, அதற்கு மேல் வராததை விட்டுவிடு.

பள்ளங்களில் இரண்டு வகை உண்டு. எதிலோ இடித்து அமுங்கினது ஒன்று, நார் அறுந்தது இன்னொன்று. அமுங்கின பள்ளத்தின் மேல் ஈரத்துணியை நாலாக மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒரு தொடு தொட்டு எடு. புஸ்ஸென்று ஆவி உள்ளே போகும். அமுங்கிக் கிடந்த நார் தண்ணீரைக் குடித்து ஊதும், பள்ளம் உன் கண்ணெதிரே மேலே வரும். வரவில்லையென்றால் திரும்பச் செய். நார் அறுந்த வெட்டு எழும்பாது. அதை அப்படியே விடு. வலது பக்கம் நீளமாக ஒரு கீறல் தெரிகிறதே, அது எந்தப் பாறையில் பட்டது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

உப்புத்தாள் விஷயத்தில்தான் எனக்குப் பயம். உனக்குத் தேய்ப்பதென்றால் ஒரு வெறி உண்டு, உன் கல்யாணக் கட்டிலைத் தேய்த்தது நினைவிருக்கிறது. இரும்பும் மரமும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தால், நகத்தை ஒட்டிய சதை போல மரம் ஒரு இழை உயர்ந்து நிற்கும். தேய்த்துத் தேய்த்து அது இரும்புக்குக் கீழே போய்விட்டால், பார்த்தவுடனே தெரிந்துவிடும், கெடுத்த வேலை என்று. முன்கட்டையின் பின்முனையில் இரும்போடு முட்டுகிற இரண்டு சின்ன முகங்களைத் தொடவே கூடாது. சுடும்போது வருகிற உதையைத் தாங்குவது அவைதான். அங்கே இடைவெளி விழுந்தால் கட்டை விரிசல் விடும், குறியும் தப்பும். பின்கட்டையில் ஒரு ‘சி’ எழுத்துக்குள் அம்பு குத்தியிருக்கிறது பார், அது கனடா அரசாங்க முத்திரை. போனால் வராது.

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் சிலும்பு எழும். அதை மட்டும் 320 நம்பர் தாளால், மரத்தின் ஓட்டத்தோடு, தடவுகிற மாதிரி எடு. போதும்.

பிறகு எண்ணெய். அரக்குப் பாலிஷ் வேண்டாம். நான் காலமெல்லாம் போட்டது அதைத்தான், ஆனாலும் மழையில் போகிற கட்டைக்கு அது ஆகாது, வெளுத்துவிடும். அந்த நாளில் இவற்றுக்குப் போட்டது பச்சை லின்சீட் எண்ணெய், அதாவது எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெய். ‘பாயில்டு’ என்று டப்பாவில் இருந்தால் சீக்கிரம் காய மருந்து கலந்தது. அதுவும் பரவாயில்லை. நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும்வரை தேய். அரை மணி கழித்து மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிடு. துடைக்காமல் விட்டால் பிசினாக ஒட்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. பச்சை எண்ணெய் என்றால் நாள் பிடிக்கும், அவசரப்படாதே.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதே! அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறி. மரவீடு உங்களுடையது.

சாயம் எதுவும் வாங்கிவிடாதே. கனடாவில் செய்தவற்றில் வால்நட் மரமும் உண்டு, பிர்ச் மரமும் உண்டு. பிர்ச் என்றால் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும். வார்னிஷ் இருக்கும்போது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. உரித்து முடித்ததும் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை எண்ணெயைத் திறக்காதே. அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.

அன்புடன்
அப்பா