கூட்டினால் 272 வர வேண்டும்

எடிசன்
2025 ஆகஸ்ட் 17

அன்புள்ள சேகர்,

அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உமா சொன்னாள். மாடிப்படி மட்டும் ஏற விடாதே, மற்றதை பிசியோதெரபி பார்த்துக்கொள்ளும். இங்கே எல்லாரும் சுகம்.

நான் உட்கார்ந்து எழுதுவது, இந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசனில் ஒவ்வோர் அணியும் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று நீ போட்ட கணிப்புத் தாளைப் பற்றி. நம் எல்லார் தாளையும் வாங்கி வைக்கும் மூர்த்தி நேற்று அனுப்பினான். 32 அணிக்கும் நீ போட்டிருக்கும் வெற்றிகளைக் கூட்டிப் பார்த்தேன். 301 வருகிறது. சேகர், ஒரு சீசனில் நடப்பதே 272 ஆட்டம்தான்டா! அணிக்கு 17 ஆட்டம், 32-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 272. ஆட்டத்துக்கு ஒரு வெற்றி, டிரா ஆனால் இரண்டு பக்கமும் அரை அரை. உபரியாக இருக்கும் அந்த 29 வெற்றியை உன் அணிகள் யாரிடம் வாங்கப்போகின்றன? இது எல்லா ரசிகர்களிடமும் உள்ள பழக்கம். ஒவ்வோர் அணியாக எடுத்து, புதிதாக யார் வந்தார்கள், காயத்திலிருந்து யார் திரும்பினார்கள் என்று பார்த்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். ஆகஸ்ட் மாதத்தில் மோசமான அணி என்று ஒன்று கிடையாது. அதனால்தான் கடைசியில் கூட்டிப் பார்த்துக் குறைக்க வேண்டும் என்று வருடாவருடம் கத்துகிறேன். நீயும் வாத்தியாரும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

மொத்தத்தை விடு, உன் என்எஃப்சி வடக்கு டிவிஷனை (லீகின் இரு பாதியில் ஒன்றான என்எஃப்சியில் உள்ள நாலு அணிக் குழுவை) மட்டும் பார். லயன்ஸ் 13, வைக்கிங்ஸ் 12, பேக்கர்ஸ் 11, உன் செல்ல சிகாகோ பேர்ஸ் 11. மொத்தம் 47. அந்த நாலு பேரும் தங்களுக்குள் 12 ஆட்டம் ஆடுகிறார்கள், அதில் கிடைப்பது 12 வெற்றி மட்டுமே, கூடவே 12 தோல்வியும் உண்டு. அப்படியென்றால் வெளி அணிகளோடு ஆடும் 44 ஆட்டத்தில் 35-ஐ இவர்கள் ஜெயிக்க வேண்டும். போன வருடம் அந்த டிவிஷன் ஆடியதை யாரும் மறக்க மாட்டார்கள்: லயன்ஸ் 15, வைக்கிங்ஸ் 14, பேக்கர்ஸ் 11, பேர்ஸ் 5. அதன் மொத்தமே 45தான். அதைவிட அதிகமாக நீ எழுதியிருக்கிறாய். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் குடியிருக்கிற ஒரே காரணத்துக்காக இவ்வளவு தாராளம் ஆகாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன வருட வெற்றி-தோல்விக் கணக்கை அப்படியே அடித்தளமாக வைத்து அதன்மேல் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்திருக்கிறாய். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. வெற்றிக் கணக்கைவிட, அடித்த புள்ளியும் விட்ட புள்ளியும் அடுத்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்லும். கணக்கு சுலபம்: அடித்த புள்ளியை 2.37 அடுக்குக்கு உயர்த்து, விட்டதையும் அதே அடுக்குக்கு உயர்த்து. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 17-ஆல் பெருக்கு. அந்த அணி தன் பலத்துக்கு எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

சீஃப்ஸுக்குப் போட்டுப் பார். போன வருடம் 15-2, அதாவது 15 வெற்றி, 2 தோல்வி. அடித்தது 385, விட்டது 326. கணக்கில் வருவது 10 சொச்சம்! கடைசி வாரம் முதல் இடம் உறுதியானதும் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்து பிராங்கோஸிடம் 38-0 என்று தோற்றார்கள், அது கணக்கைக் கெடுக்கிறது என்று நீ சொல்வாய். சரி, அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 16-இல் 11-ஐத் தாண்டவில்லை. மீதி எங்கிருந்து வந்தது என்றால், 8 புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டத்தில் பதினொன்றையும் ஜெயித்தார்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்: முதல் ஆட்டத்தில் ரேவன்ஸின் லைக்லி கடைசி நொடியில் பந்தைப் பிடித்தபோது கால்விரல் கோட்டில் பட்டது. பெங்கால்ஸ் ஆட்டத்தில் நாலாவது டவுனில் (கடைசி முயற்சியில்) ஒரு பெனால்டி, அதற்குப் பிறகு பட்கரின் கிக், 26-25. பிராங்கோஸின் கடைசி கிக்கை லியோ சீனல் கையால் தடுத்தார், 16-14. ரெய்டர்ஸ் ஜெயிக்கிற தூரத்துக்கு வந்தபின் ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுப்பது) தவறி பந்து கீழே விழுந்தது, 19-17. சார்ஜர்ஸோடு கடைசி கிக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது, அதுவும் 19-17. அவர்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மஹோம்ஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கம்பத்தில் பட்ட பந்து எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. இந்த மாதிரி வருடம் அடுத்த வருடமும் திரும்பி வராது, சேகர். 2022 வைக்கிங்ஸை மறந்துவிட்டாயா? நெருக்கமான ஆட்டத்தில் அவர்களும் 11-0, மொத்தம் 13-4. ஆனால் அடித்தது 424, விட்டது 427! அடித்ததைவிட விட்டது அதிகமாக இருந்தும் 13 வெற்றி. பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றில்) ஜயன்ட்ஸ் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பியது, அடுத்த வருடம் 7-10. அந்த வருடம் எட்டாவது வாரம் குவார்ட்டர்பேக் கஸின்ஸுக்கு குதிகால் தசைநாண் அறுந்தது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே சீஃப்ஸுக்கு நீ போட்டிருக்கும் 15-ஐ அடி. நான் 11 போட்டிருக்கிறேன், அதிலேயே மஹோம்ஸுக்கும் கோச் ஆண்டி ரீடுக்கும் ஒரு வெற்றி சேர்த்திருக்கிறேன். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான லைனில் ஜோ தூனியை விற்றுவிட்டார்கள் என்பதையும் மறக்காதே. அந்த லைனின் இடது ஓரத்துக்கு (டேக்கிள்), புது ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த ஜாஷ் சிம்மன்ஸ் என்ற ரூக்கியை நம்பியிருக்கிறார்கள்.

அந்தத் தூனி வந்திருப்பது உன் பேர்ஸுக்குத்தான், அதனால் இந்த இடத்தில் உனக்குக் கொஞ்சம் சந்தோஷம் தருகிறேன். சீஃப்ஸுக்கு நடந்ததற்கு நேர் எதிர் போன வருடம் பேர்ஸுக்கு நடந்தது. கமாண்டர்ஸிடம் கடைசி நொடியில் தூக்கிப் போட்ட பந்தில் தோல்வி, பேக்கர்ஸிடம் தடுக்கப்பட்ட கிக்கில் 20-19, வைக்கிங்ஸிடம் கூடுதல் நேரத்தில், தேங்க்ஸ்கிவிங் அன்று லயன்ஸிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 23-20. 5-12 என்று முடித்தாலும் புள்ளிக் கணக்கு கிட்டத்தட்ட 7 சொல்கிறது. குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை 68 முறை தரையில் சாய்த்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன் என்று லைனின் நடு மூவரையும் மாற்றியிருக்கிறார்கள். லயன்ஸின் தாக்குதலை வடிவமைத்த பென் ஜான்சனே இப்போது தலைமைக் கோச். எல்லாம் சேர்த்து நான் 8 அல்லது 9 தருவேன். 11 கேட்காதே. வந்தால் இனிப்போடு வருகிறேன், ஆனால் தாளில் எழுத மாட்டேன்.

ஏன் எழுத மாட்டேன் என்றால், புள்ளிக் கணக்கையும் அப்படியே எடுக்கக் கூடாது. அதிலும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. வந்த எண்ணை நடுவான 8.5-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு இழு. லயன்ஸ் போன வருடம் 564 அடித்து 342 விட்டது, கணக்கில் 13. நடுவை நோக்கி இழுத்தால் 11.5. அதற்குமேல் பென் ஜான்சன் பேர்ஸுக்கும் தற்காப்புக் கோச் ஆரன் கிளென் ஜெட்ஸுக்கும் போய்விட்டார்கள், சென்டர் ஃபிராங்க் ராக்னோ ஓய்வு பெற்றுவிட்டார். மறுபக்கம் தற்காப்பு ஆட்டக்காரர் ஹட்சின்சன் கால் எலும்பு கூடி திரும்பி வருகிறார். நான் 11-இல் நிறுத்தினேன். பில்ஸ் போன வருடம் முழுக்க எட்டே எட்டு முறைதான் பந்தை இழந்தது. கீழே விழுந்த பந்தை யார் எடுப்பார்கள் என்பது பாதிக்குப் பாதி, அந்த எட்டு மறுபடியும் எட்டாக இருக்காது. அவர்களுக்கும் 11.

நாணயக் கணக்கு ஒன்று சொல்கிறேன், அது உனக்குப் பிடிக்கும். சரிபாதி பலமுள்ள ஓர் அணி, காயம் எதுவும் இல்லாமல், 17 ஆட்டத்துக்கும் நாணயம் சுண்டினால்கூட, மூன்றில் ஒரு முறை 6-ஓ அதற்குக் கீழோ, 11-ஓ அதற்கு மேலோ வந்து நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஓர் அணிக்கு ஒரே எண் எழுத உனக்கே கை வராது. குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்று எழுது. நடு எண்கள் மட்டும் கூட்டினால் 272 வர வேண்டும்.

அட்டவணையைப் பற்றி நீ ஓரத்தில் எழுதியிருப்பதும் பாதிதான் சரி. போன வருட வெற்றி சதவீதத்தை வைத்து எது கஷ்டம் எது சுலபம் என்று பார்ப்பது வீண், அணிகள் அதற்குள் மாறிவிடுகின்றன. ஒரே டிவிஷனில் இருப்பவர்களுக்கு 17-இல் 14 எதிரிகள் பொது. மிச்சம் மூன்றுதான் போன வருட இடத்தைப் பொறுத்தது. முதல் இடம் பிடித்த பில்ஸுக்கு அந்த மூன்று சீஃப்ஸ், டெக்சன்ஸ், ஈகிள்ஸ். கடைசியில் நின்ற பேட்ரியட்ஸுக்கு ரெய்டர்ஸ், டைட்டன்ஸ், ஜயன்ட்ஸ்! போன வருடம் அந்த மூன்றும் சேர்ந்து ஜெயித்தது 10 ஆட்டம். நான் பேட்ரியட்ஸை ஒன்பதுக்கு ஏற்றியதற்கு இது ஒரு காரணம். குவார்ட்டர்பேக் டிரேக் மே இரண்டாவது வருடத்துக்கு வருகிறார், விரேபல் கோச், தற்காப்பில் நிறையப் பணம் கொட்டியிருக்கிறார்கள். ஃபார்ட்டிநைனர்ஸுக்கும் இதே கதை: முக்கிய ஓட்டக்காரர் மெக்காஃப்ரி போன வருடம் நாலே ஆட்டம் ஆடினார், அணி 6-11 ஆகி டிவிஷனில் கடைசியானது, பதிலுக்கு ஜயன்ட்ஸ், பேர்ஸ், பிரவுன்ஸ் கிடைத்தார்கள். இதுபோக ஓய்வு நாளைப் பார். வைக்கிங்ஸ் நாலாவது வாரம் டப்ளினிலும் ஐந்தாவது வாரம் லண்டனிலும் ஆடுகிறது. பதினேழு ஆட்டம் என்பதால் ஒரு கான்ஃபரன்ஸுக்கு (லீகின் ஒரு பாதிக்கு) ஒன்பது ஆட்டம் சொந்த ஊரில், மற்றதற்கு எட்டு. இந்த வருடம் ஒன்பது, என்எஃப்சிக்கு எதிர்ப் பாதியான ஏஎஃப்சிக்கு. இது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை, எழுதினால் நாலு பக்கம் போகும், விடுகிறேன்.

1990 முதல் ஒவ்வொரு சீசனிலும் முந்தைய வருடம் பிளேஆஃபில் இல்லாத நாலு அணியாவது உள்ளே வந்திருக்கிறது. பிளேஆஃபுக்கு நீ எழுதிய 14 அணியில் கமாண்டர்ஸ் போய் பேர்ஸ் வந்ததைத் தவிர அப்படியே போன வருடப் பட்டியல். இன்னும் மூன்று பேரையாவது வெளியே அனுப்பு. நான் உள்ளே விடுவது பேட்ரியட்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ், 472 புள்ளி அடித்தும் 9-8-இல் மாட்டிக்கொண்ட பெங்கால்ஸ், அப்புறம் ஃபால்கன்ஸ்.

ஒரு விஷயம் மட்டும் கோபமாகவே சொல்கிறேன். டால்ஃபின்ஸ் வரிசையில் அவர்கள் குவார்ட்டர்பேக்கைப் பற்றி "துவா ஐந்து வாரம் தாங்குவான்" என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். தலையில் அடிபட்டவர் அவர். அது அவர் தலை, சேகர். 2023 ஜனவரி 2-ஆம் தேதி சின்சினாட்டியில் பில்ஸின் டமார் ஹாம்லின் எதிராளியை மடக்கிவிட்டு எழுந்து நின்று அப்படியே சாய்ந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்தார்கள். அந்த ஆட்டம் மறுபடி ஆடப்படவே இல்லை. அந்த வருடம் பில்ஸும் பெங்கால்ஸும் 16 ஆட்டத்தோடு முடித்தன, மொத்தம் 271. எல்லார் கணக்கும் அன்று ஒன்று குறைந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காயத்தைக் கணக்கில் எடுக்காமல் கணிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு வழி இருக்கிறது. எல்லா அணிக்கும் சேர்த்து, குவார்ட்டர்பேக் மூன்று நாலு ஆட்டம் வெளியில் இருந்தால் என்ன ஆகும் என்று பார். காயப் பட்டியலில் ஒருவரைப் போட்டால் குறைந்தது நாலு ஆட்டம் ஆட முடியாது. போன வருடம் துவா அந்தப் பட்டியலில் இருந்த நாலு ஆட்டத்தில் டால்ஃபின்ஸ் 1-3. மாற்று ஆள் யார் என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை உன் 'குறைந்தது' எண்ணில் எழுது. ஆள் பெயரைப் போட்டு, இத்தனை வாரம் என்று எழுதாதே. அந்த வரியை அழித்துவிட்டு மூர்த்திக்கு மறுபடி அனுப்பு, மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்.

திருத்துவதற்கு அவசரப்படாதே. ஆகஸ்ட் 26 அன்று ஒவ்வோர் அணியும் 90 பேரை 53-ஆகக் குறைக்க வேண்டும், அது முடியட்டும். பயிற்சி ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்க்காதே, அதில் ஆடுவதில் பாதிப் பேர் செப்டம்பரில் அணியிலேயே இருக்க மாட்டார்கள். 53-இல் லைன் ஆட்கள் எத்தனை பேர், மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டார்களா, முதல் நாலு ஆட்டம் ஆட முடியாது என்ற பட்டியலில் யார் என்று மட்டும் பார். செப்டம்பர் 4 வியாழக்கிழமை ஈகிள்ஸ் - கௌபாய்ஸ். அதற்கு முந்தைய நாள் ராத்திரிக்குள் மூர்த்திக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் அவன் யார் சொன்னாலும் மாற்ற மாட்டான்.

சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்கு நான் ரேவன்ஸும் ஈகிள்ஸும் போட்டிருக்கிறேன். வாத்தியார் வழக்கம்போல கௌபாய்ஸ். உமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலா

பி.கு.: கூட்டுத்தொகையைக் குறைக்கும்போது அணிக்கு ஒன்று என்று வரிசையாக வெட்டிக்கொண்டு போகாதே. முதலில் டிவிஷன் டிவிஷனாகக் கூட்டிப் பார், சராசரி 34 வர வேண்டும். எது 34-ஐ அதிகமாகத் தாண்டுகிறதோ அங்கே வெட்டு. உனக்கு வடக்கிலேயே 10-க்கு மேல் கிடைக்கும்.