எம்டனின் பீரங்கியில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சின்னஞ்சிறு கப்பல் பொம்மைகளை வைத்து ஆடும் கடற்போர் விளையாட்டுக்குச் சென்ற இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பலும் ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பலும் இந்தியப் பெருங்கடலில் மோதிய கோகோஸ் தீவுச் சண்டையில், எம்டனின் பீரங்கிக்கும் சிட்னியின் பீரங்கிக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால் ஆட்டம் சமமாகிவிடும் என்ற வரியை எப்படி அச்சுக்கு விட்டீர்கள்?

உங்களுக்குத் தெரியாததில்லை. எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. சிட்னியில் 6 அங்குலப் பீரங்கிகள் எட்டு. சிட்னியின் குண்டு இரண்டு மடங்குக்கு மேல் எடை. வேகத்திலும் அதுதான் முந்தும். 1914 நவம்பர் 9 காலையில் முதலில் குறிபார்த்து அடித்தது எம்டன்தான். அப்புறம் சிட்னி தூரத்தைத் தனக்கு வாகாக வைத்துக்கொண்டு அடித்த அடியில், எம்டனின் கேப்டன் முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்ற வேண்டியதாயிற்று. எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சிட்னியில் நான்கு பேர். இதைச் சமமாக்கிவிட்டு அதற்குக் கோகோஸ் என்று பெயர் வைப்பது அந்த மாலுமிகளுக்குச் செய்யும் அவமரியாதை.

நாங்கள் பல வருடங்களாக இந்தச் சண்டையை ஆடுகிறோம். பீரங்கியின் மதிப்பெண்ணைத் தொடுவதே இல்லை. எங்கள் ஆட்டம் தொடங்கும்போது எம்டனின் ஆட்கள் ஐம்பது பேர் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்கக் கரையில் இருக்கிறார்கள். சிட்னி எப்போது வரும் என்பதைப் பகடை சொல்லும். கரையில் இருப்பவர்களுக்காகக் காத்திருப்பதா, விட்டுவிட்டு ஓடுவதா? எம்டனை ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். நிலையத்தை உடைத்து, மூழ்குமுன் சிட்னியையும் காயப்படுத்தினால் வெற்றி அவருக்கே. தோற்கும் கப்பல் என்று தெரிந்தும் என் அக்கா மகன் எம்டனைத்தான் கேட்டு வாங்குவான்.

எம்டன் விஷயத்தில் உங்கள் இதழ் தவறுவது புதிதும் அல்ல. எம்டன் சென்னையில் குண்டு போட்டதன் நூற்றாண்டுச் சிறப்பிதழில் அதை நீர்மூழ்கிக் கப்பல் என்று எழுதினீர்கள். அது மேற்பரப்பில் ஓடிய இலகு ரக க்ரூசர் போர்க்கப்பல் என்று விளக்கிக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்று ஆதாரம் எதுவும் காட்டாமல் எழுதினீர்கள். அதற்கும் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள், ஐயா.

அடுத்த இதழில் இரண்டு கப்பல்களின் பீரங்கியையும் வேகத்தையும் சரியாகக் குறிப்பிட்டு ஒரு சிறிய பெட்டிச் செய்தியாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ராயபுரம், சென்னை